கட்டிடம் அல்ல

மூன்று நாள் மேகம் அசையவில்லை.
மேலிருந்து வந்த படமெல்லாம் பஞ்சுமூட்டை.
நான்காம் இரவு ரேடார் படம் இறங்கியது.
அதில் நீர் கறுப்பு.
சலனமற்ற நீர்
தன்மேல் விழுந்த கதிரை
வேறு பக்கம் நழுவவிட்டுவிடும்,
அதனால் கறுப்பு என்றார்கள்.
பூசி ஆற்றைத் தேடினேன்.
ஆறு எங்கும் இருந்தது.

பெய்ராவில், பாதிக்கூரை போன பள்ளியில்,
ஜெனரேட்டர் இருமுகிற வரை வேலை.
போன வருடப் படத்தின் மேல்
வீடுகளை வரைகிறேன்.
தகரக் கூரைக்கு நாலு சொடுக்கு,
புல் கூரைக்கு ஒரு வட்டம்.
வரைந்ததைப் பெலிசார்டா
வானொலியில் எண்ணாக வாசிக்கிறாள்,
பத்தொன்பது பாகை, ஐம்பத்தேழு கலை, தெற்கு,
படகுகள் அந்த எண்ணை நோக்கிப் போகின்றன.

சரிபார்ப்பவர் யாரென்று தெரியாது.
எந்த ஊரிலோ அவருக்குப் பகல்.
நியாமுக்வே கிராமத்துக்கு வடக்கே
நான் போட்ட ஒன்பது வட்டங்களுக்கும்
ஒரே குறிப்பு அனுப்பினார்:
நிழலைப் பாருங்கள். வாசல் இல்லை.
ஒற்றையடிப் பாதைகூடப் போகவில்லை.
கறையான் புற்று.
கட்டிடம் அல்ல. நீக்கவும்.

அவர் சொன்னது சரி.
நீக்கினேன்.

ஆறாம் நாள் ஒரு மீன்பிடித் தோணி
செஃபனியாஸைக் கொண்டுவந்து இறக்கியது.
குரல் கட்டிப்போயிருந்தது.
தான் இருந்த இடத்தைக் காட்டு என்றார்.
வடக்கு எது என்றெல்லாம் கேட்கவில்லை;
மாமரம், அரவை மில், கோயில் மணிக்கம்பம்
என்று விரலாலே நடந்துபோய்
திரையில் ஓரிடத்தில் நின்றார்.
விரலை எடுத்தபோது அங்கே சேறு.
சேற்றுக்கடியில் ஒன்றுமில்லை.

'இங்கேதான். பதினேழு பேர்.
ரெண்டு ஆடு. ஒரு பாம்பு,
பாவம், அதுவும் நடுங்கிக்கொண்டிருந்தது.
படகு ரெண்டுதரம் தூரத்தில் திரும்பிப்போச்சு.
கத்தினோம். மழை.'
பிறகு,
'இப்போ பதினைந்து.'
பிறகு, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பி,
'இங்கே ஏன் ஒன்றும் வரையவில்லை?'

கறையான் புற்றெடுக்கக்
கருநாகம் குடிபுகுந்த கதை தெரியும்.
கருநாகத்தோடு ஒரு கிராமமும்
குடிபுகும் நாளுக்கு
பட்டியலில் சொல் இல்லை.
வீடு, பள்ளி, மருத்துவமனை, களஞ்சியம், கோபுரம்,
இரண்டுமுறை மேலும் கீழும் உருட்டினேன்.
கடைசியில் குறிப்புப் பெட்டியில் எழுதினேன்:
புற்று. இரண்டாள் உயரம். ஏறி நிற்கலாம்.

உடனே பதில்.
தூங்கவே மாட்டாரா அந்த மனிதர்?
'ஆதாரம்?'

வழக்கமாகச் செயற்கைக்கோளின் பெயரைப் போடுவேன்.
செஃபனியாஸ் என்று போட்டேன்.
அங்கிருந்து வேறு கேள்வி வரவில்லை.
சற்று நேரம் கழித்து
நான் நீக்கிய வட்டங்கள்
ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.
நான் போடவில்லை.

ஜெனரேட்டர் நின்றது.
பெலிசார்டா கைபேசி வெளிச்சத்தில்
மிச்சம் எட்டின் எண்களை வாசித்தாள்.
முதலாவதுக்கு இரைச்சல்.
இரண்டாவதுக்கும்.
செஃபனியாஸ் கொடுத்த ரொட்டியைத் தின்னாமல்
கையிலேயே வைத்திருந்தார்.
ஐந்தாவதை வாசித்து முடிக்குமுன்
ஒரு படகு குறுக்கிட்டது:

திரும்பச் சொல். மெதுவாக.