புளியரை, மூன்றாம் அறை

செக்போஸ்ட்டுக்கு இருநூறடி முன்னால்
எட்டு அறைக் கழிப்பறை.
கை படாமல் தண்ணீர் வரும் என்று
தமிழிலும் மலையாளத்திலும் போர்டு.
மலையாளத்தில் ஓர் எழுத்து பிழையாம்.
சென்சார் என்னுடையது, வால்வு என்னுடையது,
உத்தரவாதச் சீட்டில் கையெழுத்தும் நான்தான்.

முதல் புகார் ஆடியில்.
கணவாய்க் காற்று யாரையும் கேட்காமல்
கதவைத் தள்ளி உள்ளே போகிறது,
வெளியே வருகிறது, மறுபடி போகிறது.
ஆளென்று நம்பிப் பீங்கான்கள்
மாறி மாறிக் கொட்டுகின்றன.
ஒரே ராத்திரியில்
காற்றுக்காக நாற்பத்தொரு தடவை.
விடியுமுன் டேங்க் காலி.
புனலூர் லாரிக்காரர் தாசப்பன்
குந்தியிருக்கும்போதே பின்னால் வெள்ளம் பாய,
லுங்கியைக் கையில் பிடித்தபடி வந்து
மாடத்தியிடம் சொன்னது
இரண்டு மொழியிலும் அச்சேறாது.

நேரத்தைக் கூட்டினேன்.
எட்டு நொடி தொடர்ந்து தெரிந்தால்தான் ஆள்.
இந்தக் காற்று எங்கேயும் எட்டு நொடி நிற்பதில்லை.
நம்பகம் தொண்ணூற்றொன்பது புள்ளி நான்கு
என்று எழுதிக் கொடுத்துவிட்டுக்
கோவை பஸ்ஸில் வாய் திறந்து தூங்கினேன்.

கார்த்திகை நாலாம் தேதி ஃபோன்.
"சார், ஒங்க மிஷினுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு."

லாக்கைத் திறந்தேன். எல்லாம் பச்சை. பிழை: சுழி.
கண்ட ஆளுக்கெல்லாம் தண்ணீர் விட்டிருக்கிறது.
காணாத ஆளை
எந்தக் கட்டத்தில் எழுதும் அது?

மாடத்தியிடம் வேறு கணக்கு.
ஸ்டோர் கதவின் உட்பக்கம்
செங்கல் துண்டால் இழுத்த கோடுகள்,
வாளி தூக்கிய ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று.
மூன்று நாளில் இருநூற்றுப் பதினாறு.
"எண்ணாம விட்டது போக" என்றாள்.

ராத்திரி மூன்று மணிக்கு
பஸ் பஸ்ஸாகச் சரணம் இறங்குகிறது.
கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, வெறுங்கால்.
எதிர்க்கடையில் நானும் ஒரு ஜோடி வாங்கினேன்
(முந்நூற்று நாற்பது, பில் கிடையாது,
கம்பெனி தராது).
மாலை போடாமல் உடுத்தியதற்கு
மனசுக்குள் ஒரு மன்னிப்பு.
மூன்றாம் அறையில் குந்தினேன்.

அனுப்பிய ஒளி திரும்பி வந்தால் ஆள்.
அவ்வளவுதான் என் தத்துவம்.
இந்தச் சாயம்
வந்ததை வந்தபடி விழுங்கிவிட்டு
ஒன்றும் அறியாத மாதிரி இருக்கிறது.
எட்டு நொடி. எண்பது நொடி.
சிவப்புப் பொட்டு எரியவில்லை.
எழுந்தேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.
ஒரு சொட்டு இல்லை.
நான் பெற்றது
நான் வரவே இல்லை என்கிறது.

கதவில் விரல் கணு.
"உள்ள ஆளு உண்டுமா?"
சிமெண்டில் வாளி உரசும் சத்தம்.

இதைக் கேட்கத்தான்
இரண்டு வருஷம், ஏழு சர்க்யூட், ஒரு பேட்டண்ட் மனு.

"உண்டு" என்றேன்.

விடிந்ததும் டிரில் கடன் வாங்கி
எட்டு அறையிலும் கண்ணை
இடுப்பிலிருந்து கணுக்காலுக்கு இறக்கினேன்.
பாதத்துக்குச் சாயம் இல்லை.
வெடித்தது, சேறு அப்பியது, கொப்புளம் கட்டியது,
எதுவானாலும் ஒளியைத் திருப்பித் தருகிறது.
அதுவும் தவறினால் இழுக்க
டெண்டரில் இல்லாத ஒரு பித்தளைக் கைப்பிடி.

அறிக்கையில் 'பிழைக்குக் காரணம்' என்ற இடத்தில்
கறுப்புத் துணி என்று எழுதினேன்.
அடித்தேன்.
பார்த்த உயரம் என்று எழுதினேன்.

மாடத்தி கோடுகளை அழிக்கவில்லை.
புதுக் கண் ஒன்றைக் குனிந்து பார்த்தாள்.
அதற்குள் அதன்மேல் சேறு தெறித்திருந்தது.
முந்தானையால் தொடப் போய், நிறுத்தி,
பழந்துணி எடுத்துவந்து துடைத்தாள்.

"வாளி போயி துணி வந்துட்டு" என்றாள்.
"எட்டையும் நான்தான தொடைக்கணும்?"