கையெழுத்து

வார்சாவிலிருந்து ஒரு பையன் தொலைபேசியில் அழைத்தான்.
பழைய படச்சுருளைத் துடைக்கிறார்களாம்,
கீறல் கீறலாக, தூசு தூசாக.
குரலில் அத்தனை மரியாதை.
நான் செத்துவிட்டேன் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"நூற்றுப் பதினான்காவது ஷாட்டில், அம்மா,
பனி எவ்வளவு இருட்டாக இருக்க வேண்டுமென்று
இயக்குநர் விரும்பினார்?"

விட்டோல்ட் க்ரெம்பா
எதையும் விரும்பியதாகச் சொன்னதில்லை.
"இன்னொரு தடவை" என்பார்.
பதினொரு நாள், வூச் நகரத்து டிராம் பாதையில்,
மைனஸ் பத்தொன்பதில்,
இன்னொரு தடவை.
ஏன் என்று யோவிட்டா கேட்டாள், பூட்ஸுக்குள் செய்தித்தாள் திணித்தபடி.
"தெரிந்தால் இன்னொரு தடவை எடுப்பேனா?"

அதையும் குறித்துக்கொண்டேன்.
கோப்பை எந்தக் கையில், சிகரெட் எவ்வளவு மிச்சம்,
கழுத்துத்துணி முடிச்சு இடமா வலமா:
முந்தின ஷாட்டை அடுத்த ஷாட் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்ள
ஒரு பெண், ஒரு பென்சில்.
(மை உறைந்துவிடும்.)

நோட்டு இன்னும் இருக்கிறது,
சமையலறையில், உருளைக்கிழங்குப் பெட்டிக்குமேல்.
பன்னிரண்டாம் நாள். டேக் ஏழு.
"குதிரை. ஸ்கிரிப்டில் இல்லை.
நிலக்கரி வண்டியிலிருந்து அவிழ்ந்தது. தானாக வந்தது."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது.
குதிரை, என்று சொல்ல வாயெடுத்தேன்,
அதற்குத்தானே எனக்குச் சம்பளம்.
ஒரு கையுறை வந்து என் வாயைப் பொத்தியது.
வெங்காய வாசனை. கம்பளி நூல் பல்லிடுக்கில்.
என்னை அவர் பார்க்கவே இல்லை.

நாற்பது விநாடி மூக்கால் மூச்சுவிட்டேன்.
குதிரை யோவிட்டாவின் பின்னால் வந்து நின்றது.
அதன் ஆவி அவள் கழுத்தில் பட்டது.
அவள் திரும்பவில்லை, கண்களை மட்டும் மூடினாள்.
சொல்லாமலே ஃபோக்கஸைக் குதிரைக்கு மாற்றினான் செவெரின்.
பிறகு அது டிராம் வரும் திசையில் நடந்துபோயிற்று.
நிலக்கரிக்காரன் ஓடிவந்து கெட்ட வார்த்தையில் ஆரம்பித்து
இரண்டு பாட்டில் வோட்காவில் முடித்தான்.

அந்தக் குதிரையைப் பற்றி நான்கு மொழிகளில் புத்தகம் உண்டு.
அது சரித்திரமாம்.
ஒரு பேராசிரியருக்கு அது மனசாட்சி.
எல்லோரும் ஒத்துப்போவது ஒன்றில்தான்:
அது க்ரெம்பாவின் கையெழுத்து.

கை, சரி.
எழுத்து யாருடையது?
முப்பது வருஷம் இதையே கேட்டேன்.
விருந்துக்கு வந்தவர்களிடம், பல் டாக்டரிடம்.
நான் ஆரம்பித்தாலே
என் இரண்டாவது கணவன் நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான்.
அவள் கண்ணை மூடச்சொல்லி யாரும் எழுதவில்லை.
செவெரினின் விரல்களுக்கு யாரும் கட்டளையிடவில்லை.
பெயர் வரிசையில் நாற்பத்தோராவது நான்,
போகுமிலா ஷ்ராம்,
அதிலும் ஓர் எழுத்து தப்பு.

ஆனாலும் இரவில், தூக்கம் வராதபோது,
அந்தக் கை வராமல் போயிருந்தால், என்று நினைப்பேன்.
வாயைத் திறந்திருப்பேன்.
குதிரை வெறும் பிழை.
டேக் எட்டு எடுத்துவிட்டு சூப் குடிக்கப் போயிருப்போம்.

"அம்மா? கேட்கிறதா?"

பனியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.
நோட்டிலும் இல்லை.
எதிர் பால்கனியில் யாரோ கம்பளத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.
மார்ச் மாதத்து அழுக்கு வெயில்.

"கொஞ்சம் இருட்டாக" என்றேன்.
"இல்லை. இன்னும் கொஞ்சம்."

"அப்படித்தான் சொன்னாரா?"

ரிசீவரின் வாயை
உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன்,
அவன் எழுதி முடிக்கும்வரை.