காரணம்: மற்றவை

நசியனூர் ரோட்டுக் குடோனில்
சிஸ்டம் சொன்னது: இருநூற்றுப் பதினான்கு மூட்டை.
எண்ணிப் பார்த்தோம், இருநூற்றுப் பதினான்கு.
எடை போட்டபோதுதான் கணக்கு உதைத்தது.
முந்நூறு கிலோ மஞ்சள்
எந்தக் கதவு வழியாகவும் போகவில்லை,
எங்கேயும் இல்லை.

ஸ்டோர் கீப்பர் திருமூர்த்தி
ஸ்கேனரை இடுப்பில் செருகிக்கொண்டு
(அதற்கொரு உறை, வீட்டில் தைத்தது)
என்னைப் பார்க்கிறார்.
நான் மென்பொருள் போட வந்தவள்.
திரையில் நான்கு காரணம் வைத்திருக்கிறேன்:
உடைந்தது, திரும்பியது, திருடு போனது.
நான்காவது, மற்றவை.
"நாலாவதையே அமுக்கட்டுங்களா?"
அவருக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை,
தகரக் கூரைக்குக் கீழே
மஞ்சள் மூட்டைக்குள் இருந்தபடியே மெலியும் என்று.

முதலில் வந்தது முதலில் போகும்:
எங்கள் மென்பொருளின் முதல் விதி.
இங்கே அதை யாரும் மதிப்பதில்லை.
மூன்று வருஷத்து விரலி
விலை ஏறட்டும் என்று மூலையில் உட்கார்ந்திருக்க
போன மாதம் வந்த கிழங்கு
யாரோ மகள் கல்யாணத்துக்காக லாரி ஏறுகிறது.
'மகள் கல்யாணம்' என்று ஒரு கட்டம் வேண்டும் என்றார்.
சிரித்தேன். பிறகு ராத்திரி லாட்ஜில்
கொஞ்ச நேரம் யோசித்தேன்.

நாமக்கல் முட்டைக் கிடங்கில் இந்தப் பேச்சே எடுபடாது.
அங்கே நேற்று என்றாலே பழசு.
அட்டைக்கு முப்பது, அட்டைமேல் அட்டை,
வண்டி கிளம்பும் விடிகாலை மூன்றரை மணிக்கு
ஸ்கேனர் சொல்கிற வரிசையில்
ஓர் அட்டை மாறினாலும் செல்வநாயகி கத்துவாள்:
"ஏனுங், தேதி கண்ணுக்குத் தெரியலீங்களா?"
காத்திருப்பதற்கு அந்த ஊரில் விலை இல்லை.

திருப்பூரில் தேதி ஒரு பொருட்டில்லை.
ஒரே நூல், ஒரே சிவப்பு, ஒரே எண்;
ஆனால் செவ்வாய்க்கிழமைத் தொட்டியில் நனைந்தது
புதன்கிழமைச் சிவப்போடு ஒரு பெட்டியில் சேராது.
கணினிக்கு இரண்டும் சிவப்பு.
பாலாசோரிலிருந்து வந்த ஜோகேந்திரா,
தமிழ் படிக்கத் தெரியாது, ஆங்கிலமும் சுமார்,
பனியனை ட்யூப்லைட்டுக்குக் கீழே பிடித்து
இல்லை என்று தலையை ஆட்டுவான்.
அந்தத் தலையாட்டலைச் சேமிக்க
ஒரு கட்டம் சேர்த்தேன்: சாய எண்.
இப்போது அவனுக்கு முன்பே ஸ்கேனர் கத்திவிடுகிறது.
அவன் இன்னும் வெளிச்சத்தில் பிடித்துத்தான் பார்க்கிறான்.

பீளமேட்டுப் பம்ப் கம்பெனியில்
ஒவ்வொரு மோட்டாருக்கும் பிறந்த எண் உண்டு.
எரிந்து திரும்பி வந்தால்
எந்த ஷிப்டில் யார் காயில் சுற்றியது என்பதுவரை சொல்லும்.
காயில் சுற்றுகிறவர்கள் எனக்கு வணக்கம் வைப்பதில்லை.

அதே கோவை, மருந்துக் கிடங்கு.
கரண்ட் போய், ஜெனரேட்டர் இருமி எழுவதற்குள்
குளிர் அறை ஒன்பது டிகிரி. நாற்பது நிமிஷம்.
இன்சுலின் பெட்டி அறுபதையும்
சிஸ்டம் பூட்டிக்கொண்டது.
மேனேஜர் ஜெரோம் கடவுச்சொல் கேட்டார்.
தொட்டுப் பாருங்கள், ஜில்லென்றுதானே இருக்கிறது?
தொட்டேன். ஜில்லென்றுதான் இருந்தது.
வாசலில் ஊட்டி வண்டி, இஞ்சின் அணைக்காமல்.
மலைமேல் யாருக்கோ இன்று ஊசி தீர்ந்திருக்கும்.
அந்த எட்டு எழுத்தும் என் விரலுக்குப் பாடம்.
கொடுக்கவில்லை.
வண்டி பாதி காலியாகப் போனது.
அன்று சாயந்திரம், அந்தக் கிடங்கின் திரையிலிருந்து மட்டும்
'மற்றவை' என்ற வரியை நானே எடுத்தேன்.

எடுத்த வரியை எங்கேயாவது வைக்க வேண்டுமே.
திருமூர்த்திக்கு ஐந்தாவதாக ஒரு காலிக் கட்டம் கொடுத்தேன்,
அவர் சொல்லை அவரே எழுத.
ஒற்றை விரலால், தமிழில், எழுத்தைத் தேடித் தேடி
ஏதோ எழுதினார். நான் எட்டிப் பார்க்கவில்லை.

மாதக் கடைசியில் பெங்களூர் ஆபீஸ் பையன் போனில்:
"மேடம், ஈரோட்டில் மூணு குவிண்டால்
வெயில் என்கிறவர் பேரில் போயிருக்கு.
யார் அது? கஸ்டமரா?"

பெருந்துறை பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தேன்.
கம்பியில் வைத்த முழங்கை சுட்டது.

"ரொம்ப நாள் வாடிக்கை" என்றேன்.
"பில் மட்டும் கேட்க மாட்டார்."