நான்காவது கட்டம்

நாற்பத்திரண்டு கிலோ.
திருச்சி விமான நிலையத் தராசின் முன் குந்தி
என் துணிகளை ஒவ்வொன்றாய் உருவி
வழியனுப்ப வந்த தம்பியின் கையில் திணித்தேன்.
புத்தகங்கள் ஏறின.
ஒரு சேலை, இரண்டு சுடிதாரோடு
பின்னால் நானும் ஏறினேன்.

சிப்பாங்கில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்தார்.
ஒரு முயலை, ஒரு நிலாவை, ஒரு முதலையைப்
புரட்டிப் பார்த்துவிட்டு
"விற்கவா?" என்றார்.
இல்லை, இரவல் கொடுக்க என்றேன்.
சிரித்தார்.
ஜிப்பை அவரே இழுத்து மூடினார்.

செந்தூல் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில்
கொசுமருந்துப் புகை இயந்திரம் கிடந்த அறையை
எங்களுக்கு ஒழித்துத் தந்தார்கள்.
மூன்று நாள் கழுவியும்
எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் டீசல் வாசம்.
பதினோராம் மாடி இந்திராவதி அக்கா
"பசியாறியாச்சா?" என்றபடி
ரொட்டி சானாயும் பருப்பும் கொண்டுவருவார்.
லிஃப்ட் ஓடாத நாளில்
மூச்சு முதலில் வரும்,
அக்கா பின்னால் வருவார்.

நான் எண்முறைப்படி அடுக்கினேன்.
ஒவ்வொரு முதுகிலும் வெள்ளைச் சீட்டு,
அதில் என் முத்துமுத்தான எழுத்து.
மறுநாள் ஷர்வேந்திரன்
எல்லாவற்றையும் கலைத்து வைத்திருந்தான்.
பயமுறுத்துறது ஒரு தட்டு.
சிரிக்க வைக்கிறது ஒரு தட்டு.
"அப்ப இது?"
"அது டீச்சருங்களுக்குப் பிடிக்கிறது."
நான் சுமந்து வந்ததில் பாதி
அந்தத் தட்டில் இருந்தது.

கமலை இறைக்கும் படத்தைக் காட்டி
"இது ஜிம்மா?" என்றாள் ஒருத்தி.
காற்பந்து இருக்கா? பேய்?
மலாயில ஏதாச்சும்?
சௌகிட்டில் ஒரு பழைய கடையில்
கிலோ கணக்கில் படக்கதை வாங்கினேன்.
கையிலிருந்த வெள்ளி கரைந்தது.
பேய்த் தட்டு நிரம்பி வழிந்தது.

பேரேட்டில் மட்டும் குறை இருக்காது என்று நம்பினேன்.
ஊரில் அச்சடித்தது, துணி முதுகு,
இருநூறு பக்கம்.
பெயர். மாடி. புத்தகம். அடையாள எண்.
திருப்பித் தரும் நாள்.
கட்டங்களை நானே வரைந்து கொடுத்தேன்.

மிர்த்திகா பெயரை எழுதினாள்.
பதினான்கு என்று எழுதினாள்.
பேய்க்கதையின் தலைப்பைப் பிழையில்லாமல் எழுதினாள்.
நான்காவது கட்டத்தின் வாசலில்
பேனா நின்றது.
"அடையாள அட்டை நம்பர் போடும்மா."
அவள் புத்தகத்தை, அட்டை மடங்காமல்,
மேசையில் திருப்பி வைத்தாள்.
"சூராட் பெரானாக் இல்ல டீச்சர்.
டவுன்ல பெரிய லைப்ரரிலயும் கேட்டாங்க."
லிஃப்ட் கெட்டுப்போச்சு என்று சொல்லும்
அதே குரல்.

எட்டு வருடம்.
இந்தப் படிகளை ஏறி ஏறிக் கால் நீண்டவள்.
பிறந்தாள் என்று சொல்ல ஒரு தாள் இல்லை.
எனக்கு இந்த ஊரில் பத்தொன்பது நாள்.
கடப்பிதழில் முத்திரை, முத்திரைக்குள் தேதி,
எனக்கு ஓர் எண்,
என் பெட்டிக்குக்கூட ஓர் எண்.

அளவுகோலை எடுத்தேன்.
மேலிருந்து கீழே ஒரு கோடு.
அடுத்த பக்கம்.
அதற்கடுத்த பக்கம்.
முப்பதாவதில் மிர்த்திகா அளவுகோலைப் பிடுங்கிக்கொண்டாள்.
"கோணலா போவுது டீச்சர்."
ஷர்வேந்திரன் பக்கம் புரட்டினான்.
இந்திராவதி அக்கா கதவோரம் நின்று பார்த்தார்.
"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."
அச்சுக்குக் கொடுக்கும் முன்னாலேயே, என்று
அக்கா சொல்லவில்லை.
எனக்குக் கேட்டது.

இருட்டியபோது இருநூறும் முடிந்தது.
அவள் பேய்க்கதையை மறுபடி எடுத்தாள்.
முதல் பக்கத்துக்குப் போய்
கடைசிக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டாள்:
"டீச்சர் எப்ப ஊருக்குப் போறீங்க?"
ஒன்பதாம் தேதி என்றேன்.

பத்து என்று எழுதினாள்.