மஞ்சள் அவருக்கு, மணம் எனக்கு

பர்கா நெடுஞ்சாலை ஓரம் வரிசையாய் நர்சரிகள்.
பிப்ரவரி வெள்ளி, ஜும்மா முடிந்து
மூன்றாவது கடையில் வண்டியை நிறுத்தினோம்.

வாசலுக்கும் மதிலுக்கும் நடுவே
நாலு எட்டு நீளம், ஒன்றரை எட்டு அகலம்.
வாடகை ஒப்பந்தத்தில்
அந்த மண்ணுக்குப் பெயர்கூட இல்லை.

மஞ்சளாய்ப் பூக்கணும் என்கிறார் நெய்னா.
மணக்கணும் என்கிறேன் நான்.
ஈராண்டுக்கு முன் ஒரு காய்ச்சலில்
அவர் மூக்கு வேலையை விட்டது.
பத்தொன்பது வருஷம் மத்ரா சந்தையில் அத்தர் விற்றவர்.
இப்போது அதே கடையில் கல்லாவில் இருக்கிறார்.
குப்பிகளை எண்ணைப் பார்த்து எடுக்கிறார்.

அலமாண்டாவை முதலில் நகர்த்தினான் ரஃபிகுல்.
தட்டுத் தட்டாய் மஞ்சள்.
குனிந்தேன்.
கழுவிக் கவிழ்த்த பீங்கான்.
சொர்ணபட்டி எதற்கும் சாகாது என்றான்.
தெரியும், ரவுண்டானா எல்லாம் அதுதான்.
ரவுண்டானாவை வீட்டுக்கு வேறு கொண்டுபோகணுமா?

மஞ்சள் அரளியில் மெல்லிசாய் ஓர் இனிப்பு உண்டு.
மாடி வீட்டுப் பிள்ளையோ
எதையும் வாயில் வைத்துப் பார்க்கிற வயது.
செண்பகம் பதினெட்டு ரியால்.
எங்கள் உப்புத் தண்ணீரில் ஜூன் தாண்டுமா என்றேன்.
ரஃபிகுல் நேர்மையானவன்,
உதட்டைப் பிதுக்கினான்.

ஒவ்வொரு பூவுக்கும் அவர் கேட்டார்: எப்படி இருக்கு?
நல்லா இருக்கு என்றால் கோபம்.
"நல்லா என்பது ஒரு வாசனையா?
முதலில் என்ன வருது, அடுத்து என்ன,
எல்லாம் போனபின் எது நிக்குது?"
மஞ்சள் ஈழத்தலரிக்கு
ஏலம் போடாத பாயசம் என்றேன்.
தலையை ஆட்டினார்,
தேர்வுத் தாளுக்குப் பாதி மதிப்பெண் போடுகிற மாதிரி.

சொட்டுக்குழாய் ஒழுகும் பின்மூலையில்
யாரும் விலை கேட்காத ஒரு முட்செடி.
சட்டைப் பொத்தான் அளவு
பஞ்சு உருண்டைகள், அத்தனையும் மஞ்சள்.
நெய்னாதான் முதலில் பார்த்தார்.
நான் முகர்ந்தேன்.

"பவுடர் டப்பா மூடி.
பிறகு தேன்.
அடியில்… சொன்னால் சிரிப்பீர்கள், ஈரத் தோல்."

"ஈரத் தோலா?"
சிரிக்கவில்லை.
கிளையைக் கிட்டே இழுத்தார்.
"கஸ்தூரிவேல். நாற்பத்தொன்றாம் குப்பி."
கட்டைவிரலில் முள் ஏறியிருந்தது,
வேட்டி விளிம்பில் துடைத்துக்கொண்டார்.

"வேர் பொல்லாத நாற்றம், தொட்டி மாற்றும்போது மூக்கைப் பொத்துங்கள்"
என்றான் ரஃபிகுல் தன் உடைந்த இந்தியில்.
"நாற்றம் என்றாலே ஒருகாலத்தில் நறுமணம்தான்"
என்றார் நெய்னா தமிழில், அவனிடமே.
"வேர் வேலை என்னுடையது."

இரண்டரை ரியால்.
பின்சீட்டில் நிற்கவைத்து பெல்ட் போட்டோம்.
ஏசி ஓட ஓட வண்டி முழுக்க அது.

சீப் சிக்னலில் கேட்டார்: இப்போ?
தேன் குறைஞ்சிருக்கு.
தோல்?
இருக்கு.
பவுடர்?
பொறுங்கள், கண்ணாடியை ஏற்றுங்கள் என்றேன்.
பச்சை விழுந்தது,
பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள்.