மூன்று மோட்டார்களுக்குப் பிறகு

பர்க்காவில், பேரீச்சந் தோட்டத்துக்குப் பின்னால்,
அரை ஏக்கர் குளம்.
கடல் இரண்டு கிலோமீட்டர் தள்ளித்தான்.
ஆனால் ஒரு சொட்டை நாக்கில் வைத்தால் தெரியும்,
அது எப்போதோ வந்து குடியேறிவிட்டது.
மேலே பாசி, நடுவே திலாப்பியா,
அடியில் முழங்கால் சேறு.
விரிப்பு கிழிந்திருக்கிறது,
ஈதுக்குள் வற்ற வேண்டும் என்றார் கமீஸ்.

வாங்கியது மூன்று. மூன்றும் செத்தன.
யாரும் கேட்காமலே பிரித்துப் பார்த்தேன்.

முதலாவது பிளாஸ்டிக் உடம்பு. ஒன்பது நாள்.
விசிறியைச் சுற்றி ஈச்ச நார்
கயிறாகவே திரிந்திருந்தது.
கத்தியால் அறுத்தெடுத்தபோது
இம்தாத்துல் சிரித்தான்: கட்டில் பின்னலாம் தாதா.

இரண்டாவது அலுமினியம்.
மினுமினுப்பைப் பார்த்து ஏமாந்தது.
உப்பு தின்ற இடமெல்லாம் அம்மைத் தழும்பு.
ஒரு தழும்பு மட்டும் ஓட்டையாகி
சுருளுக்குள் தண்ணீர்.

மூன்றாவது நல்ல சாதி.
அதைக் கொன்றது நான்.
மிதவை சுவிட்ச் நாணலில் சிக்கிக்கொள்ள,
நீர் இறங்கியது தெரியாமல்
விடியும்வரை காற்றைக் குடித்திருக்கிறது.
பத்தடி தூரத்தில் நான் குறட்டை.
கரண்ட் ஏறி இறங்கியது என்றேன் கமீஸிடம்.
ஓமானில் கரண்ட் அப்படியெல்லாம் செய்வதில்லை.
அவருக்கும் தெரிந்திருக்கும்.

வாதி கபீரில் தரம்சியின் கடை.
கச்சுக்காரர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
எல்லாரும் கேட்பதையே கேட்டார்:
எத்தனை குதிரை வேண்டும்?

குதிரை இருக்கட்டும் சேட்.
நார் சுற்றுமா?
கல் விழுங்குமா?
வெறும் வயிற்றில் எத்தனை நிமிஷம் தாங்கும்?

கண்ணாடி மூக்குக்கு இறங்கியது.
முன்வரிசைப் பளபளப்பையெல்லாம் காலால் ஒதுக்கி
மூலையிலிருந்து ஒன்றை உருட்டிவந்தார்.
வார்ப்பிரும்பு. முப்பத்தெட்டு கிலோ.
தூக்கிப் பார்த்தேன், இடுப்பு ஒப்புக்கொண்டது.
விசிறி ஒதுங்கி மேலே நிற்கிறது,
சேறு அதைத் தொடாமலே சுழன்று போகுமாம்.
எண்ணெய் அறைக்கு இரண்டு சீல்.
சூடேறினால் தானே நின்றுவிடும்.
இரும்பு துருப்பிடிக்காதா?
பிடிக்கும். ஆனால் யோசித்து,
வருஷக் கணக்கில் பிடிக்கும் என்றார்.

தண்டைப் பிடித்து ஆட்டினேன்.
அசையவில்லை.
நூற்று அறுபத்தைந்து ரியால்.
என் சம்பளத்தைவிட முப்பத்தைந்து அதிகமாய்
தரையில் உட்கார்ந்திருந்தது அது.

கமீஸுக்குப் போன் போட்டேன்.
விலை சொன்னதும் மறுமுனையில் ஆடு கத்தியது.
பிறகு கேட்டார்:
இதுவும் கரண்டில் போனால்?

கடையில் இருவர் குழாய்க்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.
தரம்சி பில் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார்.
அனா நாயிம் என்றேன்.
நான் தூங்கிட்டேன்.
அந்த ராத்திரி, நான்தான்.
என் அரபியில் அதற்கு மேல் வாக்கியம் இல்லை.

ஆடு மறுபடி கத்தியது.
வாங்கு என்றார்.
கூடவே ஒரு அலாரம் கடிகாரமும்.

நாலு ராத்திரி ஓடுகிறது.
மீனையெல்லாம் தொட்டிக்கு மாற்றியாயிற்று.
இப்போது வருவது தண்ணீர் இல்லை, கஞ்சி.
சூடேறினால் தானே நிற்கும் என்று தெரிந்தும்
மணிக்கொரு தரம் அடிக்கிறது கடிகாரம்,
எழுந்து போகிறேன்.
இம்தாத்துல் போர்வைக்குள்ளிருந்து வைகிறான்.

மூன்று மணிக்கு
குளத்துக்குள் டக் என்றது.
குழாய் நெடுக ஏதோ ஓடி
வாதிப் பள்ளத்தில் விழுந்தது.
ஓட்டம் நிற்கவில்லை.
சுருதிகூட மாறவில்லை.

இருபத்தைந்து மில்லி வரை விழுங்கும் என்று
எழுதித் தந்திருந்தார் தரம்சி.
டார்ச் அடித்துத் தேடி எடுத்தேன்.
தட்டைக் கல்.
சட்டையில் துடைத்து
அளவு டேப்பில் வைத்துப் பார்த்தேன்.

நீளவாக்கில்
முப்பது இருக்கும்.