காலர் மைக்

மஞ்சக்குப்பத்தில், மெத்தைக்கடை மாடியில்,
வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிடித்து
ஞாயிறு இரவு ஒன்பதுக்கு விடுகிற நிகழ்ச்சி.
‘வாரக் கணக்கு’ என்று பெயர்.
ஏசி போட்டால் இரைச்சல்.
விசிறி போட்டால் காற்று மைக்கில் மோதும்.
அதனால் இரண்டும் கிடையாது.
எம்.எல்.ஏ. ஆனாலும் வார்டு உறுப்பினரானாலும்
எங்களிடம் வேர்த்துத்தான் ஆகவேண்டும்.
கடலூருக்கு நாம் கொண்டுவந்த ஒரே சமத்துவம்
என்பார் ஹமீதா.

கேள்வி அவருடையது. சத்தம் என்னுடையது.
வெள்ளைச் சட்டையின் இரண்டாம் பித்தானுக்குப் பக்கத்தில்
உளுந்தளவு மைக்கைக் கவ்வவிடுவேன்.
அப்போது எல்லாக் கட்சியும்
மோவாயைத் தூக்கிக் கூரையைப் பார்க்கும்.

ஹெட்போனை மாட்டிவிட்டால்
ஊருக்குக் கேட்காதது எனக்குக் கேட்கும்.
பழைய கூட்டணியைப் பற்றிக் கேட்டதும்
நாக்கு அண்ணத்திலிருந்து பிரிகிற ஒலி.
மத்தியானம் தின்ற வஞ்சிரம்
வயிற்றில் ஒருமுறை புரள்வது.
கோடி என்ற சொல்லுக்கு முன்னால்
ஒரு சின்ன மூச்சு.

அன்றைக்குத் தில்லைகோவிந்தன்.
மாவட்டத்தில் பெரிய பொறுப்பு.
பாலம், பயிர்க் காப்பீடு, உட்கட்சிச் சண்டை
எல்லாம் தாண்டிக் கடைசியில் கேட்டார் ஹமீதா:
“தொழிற்பேட்டைப் பக்கம் ராத்திரியில
நாத்தம் தாங்கலைன்னு ஜனங்க சொல்றாங்களே?”

“எந்த நாத்தம்மா?
நானும் அந்தப் பக்கம் குடியிருக்கறவன்தான்.
கடல் காத்து. கருவாடு காயுது.
அதைப்போயி…”
சிரித்தார். கேமராவுக்குப் பின்னால்
இருசப்பனும் சிரித்தான்.
நான் மீட்டரைப் பார்த்தேன்.
குரல் ஒரே சீராக இருந்தது.

என் வீடும் அந்தப் பக்கம்தான்.
பதினோரு மணிக்கு மேல் ஒன்று வரும்,
அழுகின முட்டையில் நகப்பூச்சு ஊற்றினாற்போல.
கருவாட்டை எனக்குத் தெரியும்.
அதன்மேல் பழி போடக் கூடாது.

பொன்னாடை. பாதாம் பால். கும்பிடு.
படியிறங்கிப் போனார்.
இருசப்பன் விளக்குகளை அணைத்தான்.
என் காதில் மட்டும்
அவர் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தார்.
செருப்பு. இருமல்.
மெத்தைக்கடைக்காரருக்கு ஒரு வணக்கம்.
கார்க் கதவு திறந்தது. பிறகு போனில்,
எந்த மேடையிலும் நான் கேட்டிராத குரலில்:

“சாந்தா, தென்னண்ட ஜன்னல சாத்திட்டியா?
காத்து திரும்பியிருக்கு இன்னிக்கி.
சின்னவனுக்கு மறுபடி இழுப்பு வந்துடப்போவுது.”

ரெக்கார்டரில் சிவப்புப் புள்ளி
எரிந்துகொண்டிருந்தது.
பதினான்கு நொடி.

அதற்குள் மூச்சு வாங்க அவரே மேலேறி வந்தார்,
ஒயரைக் கையில் சுருட்டியபடி.
“கழட்ட மறந்துட்டேம்மா.”
என் தலையில் ஹெட்போனைப் பார்த்தார்.
நான் அதை எடுக்கவில்லை.
மைக்கை மேஜைமேல் மெதுவாகத்தான் வைத்தார்.
எனக்கு இடி விழுந்தது.

ஹமீதா இரண்டு தரம் கேட்டார்.
“போடுங்கக்கா, ஊரே பத்திக்கும்” என்றான் இருசப்பன்.
“பேட்டி முடிஞ்சப்புறம் பேசினது.
அதுவும் ஒரு புள்ளையோட இழுப்பு.
போட முடியாது.”
அழிக்கச் சொல்லவும் இல்லை.
டீ வாங்கி வரச் சொன்னார்,
குடிக்காமல் ஆறவிட்டார்.

அடுத்த வெள்ளியிலிருந்து
யார் வந்து உட்கார்ந்தாலும்,
ஆளும் கட்சியோ எதிர்க்கட்சியோ,
முதல் கேள்வி ஒன்றுதான்:
“உங்க வீட்டு ஜன்னல்
ராத்திரியில திறந்திருக்குமா?”

ஒருவர் வாஸ்து சொன்னார்.
ஒருவர் கொசுவைத் திட்டினார்,
அதிலிருந்து நகராட்சிக்குத் தாவினார்.
பண்ருட்டியிலிருந்து வந்தவர்
பலாப்பழ வாசனை உள்ளே வருமென்று
நெஞ்சு நிமிர்த்திக்கொண்டார்.
துறைமுகப் பக்கத்து ஆள் மட்டும்
“எங்க வூட்ல ஏசிம்மா” என்றார்,
முன்னால் அந்தச் சின்ன மூச்சு.

ஒன்பது வாரம் ஆகிவிட்டது.
எதற்காகக் கேட்கிறீர்கள் என்று
ஒருவரும் இதுவரை கேட்கவில்லை.